பதினேழாவது அம்சம்

மழை தொடங்க இன்னும் இருபது நாள் இருக்கும்போதே குழாய் மேஸ்திரியின் மாப்பிள்ளைக்கு மழைக்காலம் தொடங்கிவிடும். வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இருக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் மாப்பிள்ளை மட்டும் முகத்தில் புயல் சின்னத்தோடு, கக்கத்தில் ஒரு கட்டு நோட்டீஸோடு, வீடு வீடாகப் படியேறி இறங்கிக்கொண்டிருப்பார்.

வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். காப்பீடு விற்பவர் அல்ல. விற்றால்கூட மேஸ்திரி கொஞ்சம் மதித்திருப்பார். இவர் வேலை, காப்பீடு எடுத்த குடும்பங்களுக்குப் பருவத்துக்குப் பருவம் பாதுகாப்பு அறிவுரை சொல்வது. மழைக்கு முன்னால் நாற்பது அம்சம், கோடைக்கு முன்னால் நாற்பது அம்சம், குளிருக்கு முன்னால் நாற்பது அம்சம். ஆக வருஷத்துக்கு நூற்றிருபது அறிவுரை. இவ்வளவு அறிவுரையையும் ஒருவர் வாங்கிக்கொண்டால் அவர் வீடு இடியாது என்பது நிச்சயம். பாரம் தாங்காமல் அவர்தான் இடிந்துபோவார்.

மேஸ்திரி மாப்பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் 'நாப்பது'. முகத்துக்கு நேரே 'வாங்க மாப்பிள்ளை'. முதுகு திரும்பினால் 'நாப்பது போயாச்சா?'

"ஈரக் கையால சுவிட்சைத் தொடாதீங்க. இது ஒரு அம்சமாம்!" என்று மனைவியிடம் படித்துக் காட்டுவார். "இதைச் சொல்றதுக்கு ஒருத்தனுக்கு ஆபீஸ், அதுல ஒரு சுழல் நாற்காலி, அதுக்கு மேல ஒரு ஏசி. மாடி வடிகால்ல இலை அடைச்சிருக்கான்னு பாருங்கன்னு எழுதியிருக்கான். ஏணியில மூணாவது படிக்கு மேல ஏறினா இவனுக்குத் தலை சுத்தும். ஏணி எப்படி இருக்கும்னு படத்துல பார்த்திருப்பான்."

"உங்களுக்கு ஒருத்தரையும் பிடிக்காது" என்பார் மனைவி.

பிடிக்காமல் இல்லை. மேஸ்திரியின் அளவுகோல் அப்படி. நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். அந்த ஊரில் அவர் கை வைத்து உடைக்காத சுவர் இல்லை. ஊருக்குள் ஓடிய தண்ணீரில் முக்கால்வாசி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஓடியது. முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகும், தெருவில் எங்காவது குழாய் சொட்டினால், அவர் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டே நின்றுவிடும் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் வீட்டில் மாப்பிள்ளை ஒருநாள் உபகாரம் செய்கிறேன் என்று, தொட்டி காலியான நேரம் பார்த்து, ஒரு சொட்டும் குழாயைக் கழற்றினார். மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்தார். அதை இடம்வலமாகச் சுற்றுவதற்குப் பதில் வலமிடமாகச் சுற்றினார். அதுவும் ஒரு சுற்றா, இரண்டு சுற்றா? விபத்தில் அடிபட்டவன் தலைக்குக் கட்டுப் போடுவதுபோல ஒரு முழு உருளை டேப்பையும் தீர்த்தார். குழாயைத் திருகியதும் டேப் மொத்தமும் உரிந்து மாலையாகக் கையில் வந்தது. அந்த நேரம் யாரோ மோட்டார் போட, தண்ணீர் கூரையைத் தொட்டது. கல்யாணமாகி மூன்றே மாதம். மேஸ்திரி அன்று ஒரு மணி நேரம் பேசினார். அதற்கப்புறம் மூன்று வருஷமாக, வீட்டுக்கு யார் வந்தாலும் அதை முதலிலிருந்து சொல்லி, ஒவ்வொரு தடவையும் தண்ணீரை ஓரடி உயர்த்திக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, கம்பெனில இந்த மழைக்கு நோட்டீஸோட வீடியோவும் போடறாங்க. பதினேழாவது அம்சம் நம்ம வீட்டுலதான் எடுக்கலாம்னு சொல்லிட்டேன். நிஜமான பிளம்பர் வீடு. அதைவிட மாதிரி வீடு எங்க கிடைக்கும்?"

"பதினேழாவது என்ன மாப்பிள்ளை?"

"தண்ணீரை நிறுத்தும் முதன்மை வால்வு. அது எங்கே இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியணும். வெளியூர் போறதுக்கு முன்னாடி மூடணும். வீட்டுக்குள்ள குழாய் உடைஞ்சு வெள்ளமாகி வர்ற கேஸ்தான் எங்களுக்கு அதிகம். உங்க வீட்டுல அந்தச் சிவப்புச் சக்கரம் இருக்கே, கேமராவுக்கு அழகா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வர்றோம்."

போனை வைத்த மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார். ஏனென்றால் அந்தச் சிவப்புச் சக்கரம் பொம்மை.

பதினெட்டு வருஷத்துக்கு முன் அந்த வீட்டைக் கட்டியபோது, பாத்திரம் கழுவும் இடத்துச் சுவரில் போட வேண்டிய வால்வு அவர் பைக்குள்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு டாக்டர் வீட்டில் குழாய் வெடித்துவிட்டது. ஓடினார். பையில் இருந்த வால்வை அங்கே மாட்டினார். திரும்பி வந்து, தன் வீட்டுக் குழாயின் இரண்டு முனையையும் சும்மா ஒன்றாக இணைத்து, 'இப்போதைக்கு இருக்கட்டும், நாளைக்கு வால்வு போட்டுக்கலாம்' என்று விட்டுவிட்டார். மறுநாள் விடிவதற்குள் டைல்ஸ்காரன் வந்து சுவரை மூடிவிட்டுப் போய்விட்டான்.

வேறு வீடாக இருந்திருந்தால் மேஸ்திரி டைல்ஸை உடைத்திருப்பார். சொந்த வீட்டுக்கு யார் கூலி கொடுப்பார்? "வால்வு எங்கே?" என்று மனைவி கேட்டபோது, செத்துப்போன ஒரு பழைய வால்வின் சக்கரத்தைக் கழற்றி, சுவரில் மரக்கட்டை அடித்து, நீளமான திருகாணியில் கோத்து, சிவப்பு பெயிண்டும் பூசி நிறுத்தினார். "இதோ." ஊரில் நானூறு வீட்டுக்கு வால்வு வைத்த மனுஷன் வீட்டில் வால்வு கிடையாது. தண்ணீரை நிறுத்த வேண்டுமென்றால் மாடிக்குப் போய், தொட்டியடியில் துருப்பிடித்த ஒன்றைத் திருக வேண்டும்.

இந்த விஷயம் வெளியே தெரிந்தால்? அதுவும் நாப்பதுக்குத் தெரிந்தால்? டேப்பை மாற்றிச் சுற்றுகிறவன் முன்னால் தலைகுனிந்து நிற்பதைவிட ஊரை விட்டே போய்விடலாம் என்று பட்டது மேஸ்திரிக்கு. எந்த ஊர் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வேறு வழியில்லாமல் மனைவியிடம் போனார்.

"இந்தாம்மா, பத்து மணிக்கு நீ கொஞ்சம் மாடிக்குப் போகணும்."

"எதுக்கு?"

"தொட்டி வால்வை மூடறதுக்கு."

"அதை எதுக்கு மூடணும்? இங்கதான் ஒண்ணு இருக்கே."

"அது சும்மா."

"எது சும்மா?"

"அதுதான். அந்தச் சக்கரம். பின்னாடி ஒண்ணும் இல்ல."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார். இரண்டில் எது அதிகம் பொம்மை என்று எடைபோடுகிற பார்வை.

"பதினெட்டு வருஷமா வெளியூர் போறப்ப எல்லாம் நான் எதைத் திருகிட்டுப் போனேன்?"

"சுவத்தை."

"ஒரு தடவை பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடிச்சு வந்து, இதைத் திருகிட்டுத் திரும்பப் போனேனே?"

"ஞாபகம் இருக்கு."

"நீங்க பஸ்லயே உக்காந்திருந்தீங்க."

"லக்கேஜ் இருந்துச்சே."

"மூணு சுத்து போதுமா, நாலு சுத்தணுமான்னு உங்ககிட்ட கேட்டேங்க. யோசிச்சு, நாலுன்னு சொன்னீங்க!"

நாலு என்று சொன்னது உண்மைதான். கேட்டதும் உடனே சொல்லாமல் கண்ணை மூடி யோசித்ததும் உண்மைதான்.

"நாப்பது நாப்பதுன்னு அந்தப் பிள்ளையைக் கேலி பண்றீங்களே, நீங்க எத்தனை?" என்று கேட்டார் மனைவி. ஆனாலும் மாடிக்குப் போக ஒப்புக்கொண்டார். புருஷன் மேல் இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கூத்து எங்கே போய் முடிகிறது என்று பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது.

சைகை முடிவாயிற்று. மாடியிலிருந்து இறங்கும் குழாயை மேஸ்திரி கீழேயிருந்து ஸ்பேனரால் தட்டுவார். இரும்பு வழியாகச் சத்தம் மேலே போகும். ஒரு தட்டு என்றால் மூடு. இரண்டு தட்டு என்றால் திற. வேலைக்காலத்தில் உதவியாளோடு மாடிக்கும் தரைக்கும் இப்படித்தான் பேசிக்கொள்வார்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் மகள். அவளுக்குப் பின்னால் ஒரு கேமராக்காரப் பெண். அவள் முகத்தில் எதுவுமே இல்லை. முப்பத்தொன்பது அம்சத்தையும் படமெடுத்துவிட்டு வந்தவள் போல.

"அத்தை எங்க மாமா?"

"மாடியில. துணி எடுக்கறா."

"பத்து மணிக்குள்ளயா காய்ஞ்சிடுச்சு?"

"அவ துவைச்சா சீக்கிரம் காயும்."

மகள் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ வேண்டும். மாப்பிள்ளை சுவரோரம் நின்று பேசிக்கொண்டே சக்கரத்தைத் திருக வேண்டும். தண்ணீர் நிற்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. மேஸ்திரி வாசல் ஓரமாக, மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாயில் சாய்ந்து, முதுகுக்குப் பின்னால் ஸ்பேனரை வைத்துக்கொண்டார்.

"அன்பான குடும்பத்தினரே!" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். இவன் யார் வீட்டுக் குடும்பத்தைக் கூப்பிடுகிறான் என்று மேஸ்திரிக்குக் குமட்டியது. "மழைக்காலத்தில் நம் வீட்டுக்கு வெளியே வரும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிறோம். உள்ளே இருக்கும் தண்ணீரை மறந்துவிடுகிறோம். இதோ, இந்த வால்வு..."

சக்கரம் சுற்றியது. மேஸ்திரி தட்டினார். டங்.

தண்ணீர் நிற்கவில்லை. மேலே மூடினாலும் குழாய்க்குள் இருக்கிற தண்ணீர் வடிய வேண்டாமா? மாப்பிள்ளை நாலு சுற்றும் சுற்றி முடித்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். தண்ணீர் ஓடியது. சிரிப்பும் ஓடியது. கன்னம் வலிக்கிற அளவுக்குச் சிரித்தார். பன்னிரண்டு வினாடி கழித்து, குழாய் ஒரு ஏப்பம் விட்டு நின்றது.

"லேட்டா நிக்குதே" என்றாள் கேமராக்காரப் பெண். "நடுவுல ஏதோ டங்னு சத்தம் வேற."

"நல்ல இரும்புக் குழாய்ம்மா" என்றார் மேஸ்திரி. "உத்தரவு போட்டதும் கொஞ்சம் முனகும். அப்புறம்தான் கேக்கும்."

இரண்டு தட்டு. தண்ணீர் வந்தது. இந்த முறை மேஸ்திரி சாமர்த்தியமாக, மாப்பிள்ளை 'மழைக்காலத்தில்' என்னும்போதே தட்டிவிட்டார். ஆனால் மாப்பிள்ளைக்கு வசனம் மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் 'உள்ளே இருக்கும் தண்ணீரை' என்றபோது உள்ளே தண்ணீரே இல்லை.

"முன்னாடியே நின்னுடுச்சு" என்றாள் கேமராக்காரப் பெண், அதே குரலில்.

"காத்து அடைச்சிருக்கும்" என்றார் மேஸ்திரி. நாற்பது வருஷமாகத் தனக்குக் காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லி வந்த காரணம் அது. "மேல் குழாய்க்கும் கீழ் குழாய்க்கும் நடுவுல காத்து உக்காந்துட்டா தண்ணி பயந்துக்கும். வால்வைக் கிட்ட வந்து தொட்டாலே நின்னுடும். உயர்ந்த ரக வால்வுக்கு அப்படி ஒரு குணம்."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை மரியாதையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்த மேஸ்திரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என்ன சொன்னாலும் நம்புகிறானே, முட்டாள்! இவன் வாயிலிருந்து ஊருக்கே பாதுகாப்பு! காப்பீட்டுக் கம்பெனி இவனை நம்பி இருப்பதற்கு, மேஸ்திரி இந்தச் சக்கரத்தை நம்பி இருக்கலாம்.

மறுபடி இரண்டு தட்டு; மூன்றாவது முறை. மாப்பிள்ளை வசனம் பிசகாமல் வந்துகொண்டிருந்தார். மேஸ்திரி சரியான இடத்துக்காக ஸ்பேனரை ஓங்கினார். அதற்குள் மகள் கையிலிருந்த பாத்திரம் சோப்பில் வழுக்கி, குழாயில் மோதி, தரையில் விழுந்து உருண்டது. டங். டங். டங். டங். டங்.

தண்ணீர் நின்றது, வந்தது, மறுபடி நின்றது. மாப்பிள்ளையின் கை இன்னும் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளியே இருந்தது.

அப்போது மாடியிலிருந்து குரல் வந்தது. அந்தத் தெரு மட்டுமில்லை, அடுத்த தெருவும் கேட்டிருக்கும்.

"ஏங்க! அஞ்சு தட்டினா என்ன அர்த்தம்? மூடறதா, திறக்கறதா, குதிச்சுடறதா? இந்த வெயில்ல எனக்கு மண்டை காயுது! அந்தப் பொம்மைச் சக்கரத்துக்காக நான் எத்தனை தடவைதான் திறந்து மூடறது?"

கேமராக்காரப் பெண் முதல் முறையாகக் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்தாள்.

"இதுவும் பதிவாயிடுச்சு சார். அழிக்கட்டுமா?"

"அழிச்சிடுங்க" என்றார் மாப்பிள்ளை. குரலில் ஒரு பதற்றம் இல்லை. "மூணாவதுல பேச்சு நல்லா வந்திருக்கு. முதல் தடவையில தண்ணி நிக்கற இடத்தை எடுத்து அதோட ஒட்டிடலாம். போதும்."

மேஸ்திரி ஸ்பேனரோடு நின்றார். மாப்பிள்ளை சிரித்திருந்தால் திட்டியிருக்கலாம். 'என்ன மாமா இது!' என்று அதிர்ந்திருந்தால் காற்று அடைத்த கதையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் மேஸ்திரியைக் குத்தியது. மாப்பிள்ளையைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணமான முதல் மழைக்கே தெரியும் மாமா. அன்னைக்கு டேப்பைத் தப்பா சுத்தித் தண்ணி பீறிட்டுச்சே, நான் முதல்ல ஓடிப்போய் இந்தச் சக்கரத்தைத்தான் திருகினேன். நிக்கல. இழுத்துப் பார்த்தேன், மரக்கட்டையோட ஆடிச்சு. அப்புறம் நான்தான் மாடிக்கு ஓடிப்போய் மூடினேன்."

அன்று தண்ணீர் எப்படி நின்றது என்று மேஸ்திரி இதுவரை யோசித்ததே இல்லை. தன்னைப் பார்த்துதான் நின்றது என்றே ஊருக்குச் சொல்லியிருந்தார்.

"அப்புறம் வருஷா வருஷம் நம்ம வீட்டைச் சுத்திப் பார்த்து, உங்க கம்பெனிக்கு நீங்க நிரப்பற அந்தப் படிவம்?"

"அதுல 'வால்வு இருக்குமிடம் குடும்பத்தினருக்குத் தெரியுமா'ன்னுதான் கேள்வி மாமா. அத்தை கண்ணை மூடிட்டே காட்டினாங்க. டிக் போட்டேன். அது வேலை செய்யுதான்னு கேள்வியே இல்ல."

நாற்பது அம்சம் எழுதத் தெரிந்த கம்பெனிக்கு அந்த நாற்பத்தோராவது கேள்வி தோன்றவில்லை! வேறு நாளாக இருந்தால் இந்த ஒன்றை வைத்தே மேஸ்திரி ஒரு மாதம் ஓட்டியிருப்பார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

மாப்பிள்ளை அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "நனைஞ்சு போய் மாடியிலேர்ந்து இறங்கி வந்தேன். நீங்க டேப்பைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க மாமா. எப்படிச் சொல்றது? பாவமா இருந்துச்சு."

பாவமா இருந்துச்சு! மூன்று வருஷமாக, தான் அவனைக் கேவலமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், அவன் தன்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஏணியில் மூன்று படி தாண்டாதவன், தொட்டி வரை ஏறிப்போய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, நனைந்த சட்டையோடு கைகட்டி ஒரு மணி நேரம் திட்டு வாங்கியிருக்கிறான். அவன் அடித்துவிட்டுப் போயிருந்தால்கூட மேஸ்திரிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"மழைக்கு இன்னும் இருபது நாள் இருக்கு" என்று மாப்பிள்ளை கனிவாகச் சொன்னார். "அதுக்குள்ள நிஜமாவே ஒண்ணு போட்டுடுங்க மாமா. டைல்ஸ் உடைக்கறதுக்கு எல்லாம் முழங்கால் ஒத்துழைக்காதே, எனக்குத் தெரிஞ்ச பிளம்பர் ஒருத்தர் இருக்கார், அனுப்பட்டுமா?"

மேஸ்திரிக்கு ஒரு பிளம்பர்! அவர் காதை இரண்டு தடவை தேய்த்துக்கொண்டார். வாய் திறந்தது; வார்த்தை வரவில்லை. காற்று அடைத்துக்கொண்டது.

அன்று மத்தியானம் மனைவி அந்தச் சக்கரத்தை ஒரே இழுப்பில் சுவரிலிருந்து பிடுங்கி, அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே மேஸ்திரி ஹார்டுவேர் கடை வாசலில் நின்றார். யாரும் வருவதற்குள் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று கணக்கு. ஆனால் ஷட்டர் பாதி ஏறுவதற்குள்ளேயே மூன்று பிளம்பர்கள் வந்துவிட்டார்கள். மூவரும் அவரைப் பார்த்ததும் மரியாதையாக வழி விட்டு ஒதுங்கினார்கள்.

"வாங்க மேஸ்திரி!" என்றார் கடைக்காரர். "எவ்வளவு நாளாச்சு! என்ன வேணும்?"

"முக்கால் இஞ்ச் வால்வு ஒண்ணு. இருக்கறதுலயே நல்லதா குடு."

"எந்த வீட்டுக்கு?"

கேட்டவர் சும்மாதான் கேட்டார். கடையில் எல்லோரையும் கேட்கிற கேள்வி. மேஸ்திரி வால்வைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல உருட்டினார். மூன்று பிளம்பர்களும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"என் மாப்பிள்ளை வீட்டுக்கு" என்றார்.

"மாப்பிள்ளையா? அவர் இன்சூரன்ஸ்ல எல்லாருக்கும் பாதுகாப்பு சொல்றவராச்சே?"

"அவன்தான்" என்றார் மேஸ்திரி. முதுகு தானாக நிமிர்ந்தது. "ஊருக்கெல்லாம் வால்வை மூடு, வால்வை மூடுன்னு நோட்டீஸ் குடுக்கறான். அவன் வீட்டுச் சுவத்துல என்ன இருக்கு தெரியுமா? ஒரு பொம்மைச் சக்கரம். பின்னாடி வெறும் மரக்கட்டை. பெயிண்ட் வேற அடிச்சு வச்சிருக்கான். வருஷக்கணக்கா அதைத் திருகிட்டு வெளியூர் போறாங்க!"

கடையே குலுங்கியது. ஒருவர் சிரித்துச் சிரித்துக் குழாய்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரிக்குச் சொல்லச் சொல்ல வாய் இனித்தது. மாடி வடிகாலில் மரமே முளைத்திருக்கிறது என்றார். கேஸ் ட்யூபை எலி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது என்றார். வீட்டில் டார்ச் லைட் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே இன்னொரு டார்ச் லைட் வைத்திருக்கிறார்கள் என்றார்.

சிரித்தவர்களில் வயசில் இளையவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "கேக்கவே கஷ்டமா இருக்கு மேஸ்திரி. உங்க முழங்காலோட நீங்க போய் எதுக்கு உடைக்கணும்? விலாசம் சொல்லுங்க, இன்னைக்கே நான் போய் மாட்டிட்டு வந்துடறேன்."

மேஸ்திரி வால்வைப் பைக்குள் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

"வேண்டாம்ப்பா" என்றார். "ரோஷக்காரன். வெளியாள் வந்து பார்த்தா தாங்க மாட்டான்."